குடம் வரிசையில், ஆள் நிழலில்: பூங்காக்களிலும் பொருட்காட்சிகளிலும் மாற்றுத்திறனாளிகளுக்கான வரிசை முறை

என் அக்கா மகனுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம், அதாவது பிறவியிலேயே மூளை வளர்ச்சி கொஞ்சம் வேறு மாதிரி அமைந்த பையன். ராட்டினம் என்றால் அவனுக்கு உயிர். பெட்டி உச்சிக்குப் போய் ஒரு நொடி நின்று ஆடும்போது நாங்கள் எல்லாம் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவோம். அவன் கைதட்டிச் சிரிப்பான். ஏறுவதில் அவனுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஏறுவதற்கு முன்னால் நிற்க வேண்டிய முக்கால் மணி நேர வரிசைதான் அவனால் முடியாத காரியம்.

அவனை வைத்துத்தான் இந்த விஷயத்தை நான் தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன். மாற்றுத்திறனாளிகளுக்கும், சத்தம், வெளிச்சம், நெரிசல் தாங்க முடியாதவர்களுக்கும் பொழுதுபோக்குப் பூங்காக்கள் வரிசையை எப்படி மாற்றிக் கொடுக்கின்றன, அதில் எங்கே தடுமாறுகின்றன, நம் ஊரில் எதைச் செய்ய முடியும் என்று, இப்போதுதான் முதல்முறையாகக் கேள்விப்படுகிறவர்களுக்குச் சொல்வதுபோல எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழாயடிக்குப் போவோம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது மறக்காது. தெருக்குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் விடிவதற்கு முன்பே குடங்கள் வரிசையில் நிற்கும். பச்சைக் குடம், நசுங்கின எவர்சில்வர் குடம், கழுத்தில் கயிறு கட்டின கேன். குடத்துக்குச் சொந்தக்காரிகள் எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருத்தி நடுவில் வீட்டுக்குப் போய் உலையைப் பார்த்துவிட்டு வருவாள். குழாய் சீறும் சத்தம் கேட்டதும் அவரவர் குடத்துக்குப் பின்னால் வந்து நிற்பார்கள். யாருடைய முறையும் மாறாது, யாரும் யாரையும் தாண்டிப் போகவும் மாட்டார்கள்.

இடம் வரிசையில் இருக்கிறது, ஆள் நிழலில் இருக்கிறார். பெரிய பூங்காக்கள் இன்று செல்போன் செயலி வைத்துச் செய்கிற 'மெய்நிகர் வரிசை' என்பது இதுதான். வரிசையில் நிற்பது ஒரு வேலை, காத்திருப்பது இன்னொரு வேலை. பழக்கத்தால் இரண்டையும் நாம் ஒன்றாகவே நினைத்துவிடுகிறோம். நிற்க முடியாதவரால் பெரும்பாலும் காத்திருக்க முடியும். இரண்டையும் பிரித்துக் கொடுத்தால் போதும்.

வரிசைக்குள் என்ன நடக்கிறது

நம்மில் பலருக்கு வரிசை என்பது அலுப்பு. சிலருக்கு அது வலி. மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

ஒரு பொருட்காட்சி வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்தடி தள்ளி டீசல் ஜெனரேட்டர். கம்பத்தில் கட்டின குழாய் ஸ்பீக்கர். பின்னால் நிற்கிற குழந்தை விடாமல் ஊதுகிற பீப்பி. டெல்லி அப்பளம் பொரிக்கிற எண்ணெய் வாசனை, டீசல் புகை, யார் தலையிலோ வாடின மல்லிகை. முதுகில் இடிக்கிற கட்டைப்பை. சிவப்பும் பச்சையுமாக விட்டுவிட்டு எரிகிற சீரியல் பல்பு. இத்தனையும் உங்கள் காதிலும் மூக்கிலும் தோலிலும் விழத்தான் செய்கின்றன. உங்கள் மூளை வேண்டாததை ஓரமாக ஒதுக்கிவிட்டு, பக்கத்தில் இருப்பவர் பேசுவதை மட்டும் முன்னால் கொண்டுவந்து வைக்கிறது. ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்கு இந்த ஒதுக்கும் வேலை நமக்கு நடப்பதுபோல நடப்பதில்லை. எல்லாம் ஒரே அளவில், ஒரே நேரத்தில் உள்ளே வருகின்றன. பத்து ரேடியோவைப் பத்து ஸ்டேஷனில் வைத்து முழுச் சத்தத்தில் திருப்பிவிட்ட அறையில் முக்கால் மணி நேரம் அசையாமல் நிற்கச் சொன்னால் எப்படி இருக்கும்?

அப்புறம் எல்லோரும் கேட்கிற ஒரு கேள்வி உண்டு. "சத்தத்துக்கு இவ்வளவு மிரளுகிறவன் ராட்டினத்தில் மட்டும் எப்படிச் சிரிக்கிறான்?" புலன்கள் ஐந்து என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அவற்றோடு, உடல் சாய்வதையும் சுற்றுவதையும் உணர்கிற உறுப்பு ஒன்று உள்காதில் இருக்கிறது. மூட்டும் தசையும் அழுத்தத்தையும் அசைவையும் தனியாக உணர்கின்றன. ஒரே ஆளுக்குக் காது மிகக் கூர்மையாகவும், இந்தச் சுழற்சிப் புலன் மந்தமாகவும் இருக்கலாம். மந்தமான புலன் பசியோடு இருக்கும். சுற்றச் சுற்றத்தான் அதற்கு நிறைவு. அதனால் ராட்டினத்தை விரும்புவதும் வரிசையைத் தாங்க முடியாததும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. இரண்டும் ஒரே உடம்பில் இருந்து வருகிறவைதான்.

சத்தம், நெரிசலுக்கு மேல் இன்னொன்றும் சேர்கிறது. எப்போது முடியும் என்று தெரியாதது. "இதோ வந்துடும் கண்ணு" என்று சொல்கிறோம். 'இதோ' என்றால் எத்தனை நிமிடம்? சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிற குழந்தைக்கு அது பொய்யாகப் போய்விடுகிறது.

இதெல்லாம் சேர்ந்து அளவு மீறும்போது வருவதுதான் மெல்ட்டவுன். பார்க்கிறவர்களுக்கு அடம்போலத் தெரியும். அடம் பிடிக்கிற குழந்தை நாம் பார்க்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளும், கேட்டது கிடைத்ததும் அழுகையை நிறுத்தும். மெல்ட்டவுனில் எதைக் கொடுத்தாலும் நிற்காது, ஏனென்றால் எதையும் கேட்டு அது வரவில்லை. அந்த நேரத்தில் சுற்றி நிற்பவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, கொஞ்சம் விலகி இடம் விடுவது. செல்போனைத் தூக்காமல் இருப்பது. ஆளுக்கு ஒரு யோசனை சொல்லாமல் இருப்பது.

இரண்டு வருடத்துக்கு முன் கிருஷ்ணகிரியில் ஒரு பொருட்காட்சிக்குப் போயிருந்தோம். ராட்டின வரிசையில் பாதி தூரம் வந்தாயிற்று. பையன் இரண்டு கையாலும் காதைப் பொத்தினான். அப்புறம் மணிக்கட்டைக் கடிக்க ஆரம்பித்தான். அது எங்களுக்குத் தெரிந்த அடையாளம், இன்னும் இரண்டு நிமிடம் தாங்காது. பின்னால் நின்ற ஒரு பெரியவர், "ரெண்டு வெச்சா சரியாயிடும்மா" என்றார். அக்காவின் முகம் அப்போது எப்படி ஆனது என்று எழுத எனக்கு வரவில்லை.

டிக்கெட் கிழிக்கிற தம்பிக்கு இருபது வயது இருக்கும். கம்பிக்கு மேலே எட்டிப் பார்த்தான். "அக்கா, டிக்கெட்ட இங்க குடுங்க. அந்த வேப்பமரத்துக்கிட்ட போய் உக்காருங்க. உங்களுக்கு முன்னாடி நாலு சுத்து இருக்கு. முடிஞ்சதும் நான் கை காட்டுறேன்" என்றான். டிக்கெட்டின் பின்னால் பேனாவால் 4 என்று எழுதித் திருப்பிக் கொடுத்தான். மரத்தடியில் ஜெனரேட்டர் சத்தம் பாதிதான் கேட்டது. பையன் அக்கா மடியில் தலையை வைத்து ராட்டினத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அது நின்று ஆள் இறங்கும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கினான். நாலாவது விரல் மடங்கியதும், அந்தத் தம்பி கை காட்டுவதற்கு முன்பே எழுந்து நின்றுவிட்டான்.

அந்தத் தம்பி எங்களை யாருக்கும் முன்னால் விடவில்லை. எங்கள் முறைக்குத்தான் ஏற்றினான். 'இதோ' என்று சொல்லாமல் 4 என்று எழுதிக் கொடுத்தான். நிற்க வேண்டிய இடத்தை மட்டும் மாற்றினான். இது எல்லாவற்றையும் யாரும் சொல்லிக்கொடுக்காமல் அரை நிமிடத்தில் யோசித்தான்.

வெளியே தெரியாதவர்கள்

சக்கர நாற்காலியில் வருகிறவரைப் பார்த்ததும் எல்லோரும் வழி விடுவார்கள். அவருக்கு வேண்டியதும் தெளிவு. கம்பி வைத்த வளைவு வரிசையில் குறைந்தது 90 சென்டிமீட்டர் அகலம், திரும்புகிற இடத்தில் 150 சென்டிமீட்டர், ஒரு அடி உயரம் ஏற 12 அடி நீளத்துக்குச் சரிவுப் பாதை. இதெல்லாம் முடியாத பழைய இடங்களில், இறங்குகிற வாசல் வழியாக உள்ளே அழைத்துப் போவது வழக்கம்.

பார்த்தால் தெரியாதவர்கள் பாடுதான் அதிகம். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் இருந்தே ஒரு உதாரணம். இந்தப் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல வருடம் குடித்தவர்களுக்குப் பல்லில் காவி படிவதோடு நிற்காது. சிலருக்கு எலும்பும் மூட்டும் இறுகிவிடும், முதுகு வளையாது, முழங்கால் மடங்காது. இதற்குப் பெயர் ஃபுளோரோசிஸ். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் பாதிப்பைக் குறைப்பது என்பது சேர்ந்தே இருக்கிறது. 2013ல் அந்தத் தண்ணீர் வந்தது. அதற்கு முன்பே இறுகிப்போன மூட்டுகள் அப்படியேதான் இருக்கின்றன. அப்படி ஒரு தாத்தா பேரப்பிள்ளைகளோடு பூங்காவுக்கு வருகிறார். நடப்பார், சிரிப்பார், கையில் எந்த அட்டையும் இருக்காது. ஆனால் இருபது நிமிடம் ஒரே இடத்தில் நின்றால் மறுநாள் எழுந்திருக்க முடியாது. குழாயடித் திண்ணை வேண்டிய முதல் ஆள் அவர்தான்.

ரத்தத்தின் சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்துவிடுகிற அரிவாள் செல் ரத்தச் சோகை உள்ளவருக்கு வெயிலில் நின்று உடம்பில் நீர் வற்றினால் கடுமையான வலி பிடித்துக்கொள்ளும். சிறுநீரை அடக்க முடியாதவரால் வரிசையை விட்டுக் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து மறுபடி கடைசியில் நிற்க முடியாது. வலிப்பு உள்ளவர்களில் சிலருக்கு விட்டுவிட்டு எரிகிற விளக்கே வலிப்பைத் தூண்டலாம். காது கேளாதவருக்கு நிற்பதில் பிரச்சினை இல்லை, கூப்பிடுவதில்தான். "அடுத்த பத்து பேர் வாங்க" என்று மைக்கில் சொல்வது அவருக்குப் போய்ச் சேராது. வேப்பமரத்தடித் தம்பி கை காட்டுகிறேன் என்று சொன்னானே, அது அவர்களுக்கும் பொருந்துகிற முறை.

அதனால் டிக்கெட் கவுன்டரில் இருப்பவர் கேட்க வேண்டிய கேள்வி "என்ன நோய்?" என்பது இல்லை. "வரிசையில் எது கஷ்டம்?" என்பதுதான். நிற்பதா, சத்தமா, வெயிலா, எப்போது முடியும் என்று தெரியாததா? பதிலைப் பொறுத்து உதவி மாறும். ஒருவருக்கு ஒரு முக்காலி போதும், இன்னொருவருக்கு ஒரு துண்டுச் சீட்டு போதும்.

குடத்தின் கணக்கு

"ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க" என்பது எங்கும் வருகிற பதில். அதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஒரு ராட்டினம் ஒரு சுற்றுக்கு 24 பேரை ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏற்றி, சுற்றி, இறக்க 6 நிமிடம். அப்படியானால் நிமிடத்துக்கு 4 பேர், மணிக்கு 240 பேர். வரிசையில் 120 பேர் இருந்தால் கடைசியில் வந்து சேர்கிறவர் 30 நிமிடம் காத்திருப்பார். வரிசையில் உள்ள எண்ணிக்கையை வேகத்தால் வகுத்தால் காத்திருக்கும் நேரம் வரும். ஜான் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர் 1961ல் இதைக் கணித முறையில் நிரூபித்தார். இன்றும் மருத்துவமனையில் இருந்து தொழிற்சாலை வரை வரிசைக் கணக்கெல்லாம் இதில் இருந்துதான் தொடங்குகிறது.

மாலை 6:10க்கு வருகிற நாலு பேர் கொண்ட ஒரு குடும்பத்துக்கு "6:40க்கு வாங்க" என்று சீட்டு எழுதிக் கொடுக்கிறோம். அவர்கள் 30 நிமிடம் மரத்தடியில் இருந்துவிட்டு வந்து நேராக ஏறுகிறார்கள். மற்றவர்கள் யாருக்காவது ஒரு நிமிடம் கூடியதா? இல்லை. அந்த நாலு பேரும் வரிசையிலேயே நின்றிருந்தாலும் இதே நேரத்துக்குத்தான் ஏறியிருப்பார்கள். வரிசையில் அவர்களுடைய குடம் நின்றது.

சரி, சீட்டெல்லாம் வேண்டாம், வந்த உடனே ஏற்றிவிடுகிறோம் என்றால்? அரை மணிக்கு மூன்று குடும்பம், 12 பேர் அப்படி ஏறினால், மற்றவர்களுக்குச் சுமார் 3 நிமிடம் கூடும். 30 நிமிடம் 33 ஆகும். இதைக்கூட எந்த ஊரும் பொறுத்துக்கொள்ளும் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் இந்தப் பக்கவாசல் வழியாக மணிக்கு 80 பேர் வர ஆரம்பித்தால், பெரிய வரிசைக்கு மிஞ்சுவது 160 இடம். அதே 120 பேருக்கு இப்போது 45 நிமிடம். அங்கேதான் சண்டை வரும்.

டிஸ்னியில் நடந்தது

அமெரிக்காவில் டிஸ்னி பூங்காக்களில் 2013 வரை ஒரு உதவி அட்டை இருந்தது. அதைக் காட்டினால் பல இடங்களில் வேறு வாசல் வழியாகச் சீக்கிரம் உள்ளே போய்விடலாம். அந்த ஆண்டு, வசதி உள்ளவர்கள் மாற்றுத்திறனாளி ஒருவருக்குக் காசு கொடுத்துக் கூடவே அழைத்துப் போய் வரிசையைத் தாண்டுகிறார்கள் என்று பத்திரிகைகளில் செய்தி வந்து பெரிய பேச்சாயிற்று. அக்டோபரில் டிஸ்னி பழைய அட்டையை நிறுத்திவிட்டு, 'டிஸபிலிட்டி ஆக்சஸ் சர்வீஸ்' என்ற புது முறையைக் கொண்டுவந்தது. அதுதான் மேலே சொன்ன சீட்டு முறை. இப்போது வரிசை எவ்வளவு நேரமோ, அவ்வளவு நேரம் கழித்துத் திரும்பி வர வேண்டும்.

பல குடும்பங்களுக்கு இது ஒத்துவந்தது. சில குடும்பங்கள் நீதிமன்றம் போனார்கள். அவர்கள் சொன்னது என்னை யோசிக்க வைத்தது. "எங்கள் பிள்ளைக்கு 'அப்புறம் வரலாம்' என்பதே புரியாது. ராட்டினத்தின் முன்னால் வந்து நின்றுவிட்டால் ஏறியே ஆக வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே பாதையில், ஒரே வரிசைக் கிரமத்தில்தான் போவான்" என்றார்கள். இப்படிப்பட்ட பிள்ளைக்கு நிழலும் உதவாது, திண்ணையும் உதவாது. வழக்கில் டிஸ்னி பக்கம்தான் தீர்ப்பு வந்தது. ஆனாலும் அந்தப் பெற்றோர் சொன்னது உண்மை. பெரும்பாலானவர்களால் காத்திருக்க முடியும் என்று மேலே எழுதினேன். மிச்சம் இருக்கிற சிலருக்கு உடனே ஏற்றிவிடுவதைத் தவிர வேறு வழி இல்லை. அவர்கள் எண்ணிக்கை சின்னது, அந்த 3 நிமிடக் கணக்குக்குள் அடங்கிவிடும்.

சீட்டு வாங்கிக்கொண்டு அந்த நேரத்தில் வேறு சவாரிக்குப் போகலாம், சாப்பிடலாம் என்று தெரிந்ததும், அந்தச் சேவையைக் கேட்பவர்கள் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே போயிற்று. 2024ல் டிஸ்னி விதியை இறுக்கியது. ஆட்டிசம்போன்ற வளர்ச்சிசார் குறைபாட்டால் வழக்கமான வரிசையில் நீண்ட நேரம் நிற்க முடியாதவர்களுக்கு மட்டும் என்று ஆயிற்று. கழிப்பறைப் பிரச்சினை உள்ளவர்கள், மூட்டுவலிக்காரர்கள் பலர் வெளியே நின்றார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கூட்டத்தைக் குறைக்க வேண்டிய கட்டாயம் புரிகிறது. ஆனால் நோயின் பெயரை வைத்துக் கோடு கிழித்தால், நம் ஃபுளோரோசிஸ் தாத்தா எப்போதும் கோட்டுக்கு வெளியேதான்.

ஏமாற்றுகிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். நம் நாட்டுச் சட்டத்தில் மாற்றுத்திறனாளி என்று பொய் சொல்லிச் சலுகை பெற்றால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று தனிப் பிரிவே இருக்கிறது. நுழைவாயிலில் ஒவ்வொரு தாயையும் விசாரணைக்கு நிறுத்த வேண்டியது இல்லை.

காசு செலவில்லாத வழிகள்

இதற்கெல்லாம் செயலியும் கணினியும் வேண்டும் என்று நினைக்க வேண்டாம். குடும்பத்தில் ஒருவர் வரிசையில் நின்று, மற்றவர்கள் முறை வரும்போது வந்து சேர்ந்துகொள்வது மிகப் பழைய வழி. வேண்டியது இரண்டுதான். வரிசையின் முன்பக்கம் சேர்ந்துகொள்ள ஒரு இடைவெளி, அதை ஒத்துக்கொள்கிற ஊழியர். குழந்தை ஏறாத சவாரிகளில் அப்பா ஏறி இறங்கியதும், மறுபடி வரிசையில் நிற்காமல் அம்மா ஏறுவது இன்னொரு வழி. இரண்டு பேரும் மாறி மாறிப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம்.

அமைதி நேரம் என்பது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. பிரிட்டனில் ஊர் ஊராகப் போகிற ராட்டினக்காரர்கள் சில இடங்களில் சில மணி நேரம் பாட்டை நிறுத்தி, மின்னுகிற விளக்கை அணைத்து, கூட்டத்தையும் குறைத்து ராட்டினத்தை ஓட்டுகிறார்கள். கிருஷ்ணகிரியில் வருடா வருடம் மாங்கனிக் கண்காட்சி நடக்கிறது. மாலைக் கூட்டம் வருவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் ஸ்பீக்கரை நிறுத்தி ராட்டினம் ஓட்டினால் யாருக்கும் நஷ்டம் இல்லை. முன்கூட்டியே அறிவித்தால் சிறப்புப் பள்ளிப் பிள்ளைகள் வண்டி பிடித்து வந்துவிடுவார்கள்.

பெரிய பூங்காக்களுக்கு இன்னும் கொஞ்சம் செய்ய வசதி உண்டு. அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் இருக்கிற செசமி பிளேஸ் 2018ல் ஆட்டிசத்துக்கான சான்றிதழ் பெற்ற முதல் பூங்கா ஆனது. அங்கே ஒவ்வொரு சவாரிக்கும் சத்தம் எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு, தொடுதல் எவ்வளவு என்று எண்ணில் போட்டு வைத்திருக்கிறார்கள். அமைதி அறையும் உண்டு. டெக்சஸில் 2010ல் திறந்த மார்கன்ஸ் வொண்டர்லேண்ட் இன்னும் ஒரு படி மேல். ஒரு தகப்பன் தன் மகளுக்காக ஆரம்பித்த பூங்கா, மாற்றுத்திறனாளிகளுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. 2016ல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் தொடங்கிய சூரியகாந்தி நாடாவும் இந்த வகைதான். பச்சை நாடாவில் சூரியகாந்திப் பூ, கழுத்தில் போட்டுக்கொண்டால் போதும். வெளியே தெரியாத ஒரு தேவை எனக்கு இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாக இருங்கள் என்பதை வாய் திறக்காமல் சொல்லிவிடலாம்.

நம் ஊர்ப் பெரிய பூங்காக்களில் கூடுதல் காசு கொடுத்தால் தனி வரிசையில் சீக்கிரம் போகிற டிக்கெட் விற்கிறார்கள். அப்படியென்றால் வாசல் ஏற்கெனவே இருக்கிறது, அதைத் திறந்து மூடுகிற ஊழியரும் இருக்கிறார் என்றுதானே அர்த்தம்?

உரிமையும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஏழு வகையாக இருந்த குறைபாடுகளின் பட்டியலை 21 ஆக்கியது. ஆட்டிசமும், அரிவாள் செல் நோயும், ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியாவும் அதில் உண்டு. பொழுதுபோக்கில் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கெடுப்பதைப் பற்றி அதில் தனிப் பிரிவே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் எளிதில் பயன்படுத்தக்கூடிய வசதிகளுக்கான விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

ஒகேனக்கல் பரிசல் துறையில்

வரிசையை மாற்றிக் கொடுப்பது வேறு, சவாரிக்குத் தகுதி என்பது வேறு. இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பரிசலை நினைத்துப் பாருங்கள். வட்டமான மூங்கில் கூடை, கால் வைத்ததும் ஆடும். லைஃப் ஜாக்கெட் போட்டு, குந்தி உட்கார்ந்து, நடுவில் எழுந்திருக்காமல் இருக்க வேண்டும். தண்ணீரைப் பார்த்ததும் குதிக்கப் பார்க்கிற குழந்தையையோ, உட்கார்ந்த நிலையில் உடம்பை நிமிர்த்தி வைக்க முடியாதவரையோ ஏற்றக் கூடாது என்று பரிசல்காரர் சொன்னால் அது அக்கறை. அதில் வாதாட ஒன்றும் இல்லை.

ஆனால் ஏற முடிகிறவரை வெயிலில் பாறைமேல் காக்கவைக்க வேண்டியது இல்லை. என் மாமியாருக்கு முழங்கால் மடங்காது. போன முறை நாங்கள் இரண்டு பேர் வரிசையில் நின்றோம், அவரை மீன் வறுக்கிற அம்மா ஒருவரின் கடை நிழலில் உட்கார வைத்தோம். முறை வந்ததும் கூப்பிட்டோம். பரிசல்காரர் பரிசலைக் கரையோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, "அம்மா, கால வைக்காதீங்க, மொதல்ல உக்காருங்க, அப்புறம் கால உள்ள இழுத்துக்கலாம்" என்றார். பாறை விளிம்பில் உட்கார்ந்து, பின்பக்கமாக நகர்ந்து, பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே. சக்கர நாற்காலியில் இருந்து கட்டிலுக்கு மாறுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற முறையும் இதுதான்.

கிளம்புவதற்கு முன்

போகும் இடத்துக்கு முன்னாலேயே போன் செய்து, வரிசைக்கு என்ன ஏற்பாடு இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு கொடுக்கிற தனித்துவ அடையாள அட்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வார நாளில், வாசல் திறந்ததும் போனால் பாதிப் பிரச்சினை தீரும்.

பிள்ளைக்கு முந்தின நாளே படம் காட்டுங்கள். நாங்கள் ஒரு அட்டையில் இரண்டு படம் ஒட்டி வைத்திருக்கிறோம். இடது பக்கம் மரம், வலது பக்கம் ராட்டினம். முதலில் இது, பிறகு அது. 'இதோ' என்ற சொல்லை வீட்டில் நிறுத்திவிட்டோம். எத்தனை சுற்று, எத்தனை விரல் என்றுதான் சொல்கிறோம். அக்கா வீட்டுக்காரர் ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறார். இரைச்சல் உள்ள பகுதியில் தொழிலாளர்கள் போடுகிற காதுக் கவசம் மாதிரியே சின்ன அளவில் ஒன்று மகனுக்கு வாங்கி வந்தார். முதல் ஒரு வாரம் வீட்டில் மிக்ஸி ஓடும்போது மட்டும் போட்டுப் பழக்கினோம். இப்போது வெளியே கிளம்பும்போது அவனே எடுத்து மாட்டிக்கொள்கிறான்.

கவுன்டரில் போய் நின்று, பின்னால் கூட்டம் தள்ளும்போது, பிள்ளையின் நிலைமையை எல்லாம் வாயால் விளக்குவது கொடுமை. அதற்காக அக்கா ஒரு சின்ன அட்டை எழுதி லேமினேட் செய்து வைத்திருக்கிறாள். அதில் இருப்பது இவ்வளவுதான்: "என் மகனுக்கு ஆட்டிசம். சத்தத்திலும் நெரிசலிலும் நிற்க முடியாது. எங்களை முன்னால் விட வேண்டாம். எங்கள் முறை எத்தனையாவது சுற்று என்று எழுதிக் கொடுங்கள். தள்ளி உட்கார்ந்திருக்கிறோம், முறை வந்ததும் கை காட்டுங்கள்." பெங்களூரு பக்கம் போனாலும் உதவட்டும் என்று பின்பக்கம் இதையே கன்னடத்திலும் தெலுங்கிலும் எழுதி வாங்கி வைத்திருக்கிறாள்.